பொன்னாடை மட்டும் ஏறிய பஸ்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆனி மாதத்தில் ஒரு முகூர்த்த நாள். இடம், திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட். அன்று காலையில்தான் எனக்கு வைவா நடந்தது. வருடக்கணக்காக மாய்ந்து மாய்ந்து செய்த முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு வாய்மொழித் தேர்வு. நடந்தது என்றுதான் சொன்னேன், பாஸ் என்று சொல்லவில்லை.

என் ஆராய்ச்சி என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் பெரிதாக இருக்கும், விஷயம் சின்னது. கம்ப்யூட்டருக்குள் ஒரு பஸ்ஸைச் செய்து அதில் ஆட்களை ஏற்றிப் பார்ப்பது. சிமுலேஷன் என்பார்கள். திரையில் ஒவ்வொரு பயணியும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் நாம் விதி எழுத வேண்டும். எங்கே நிற்கும், எப்போது நகரும், எந்த சீட்டில் உட்காரும் என்று. எழுதி ஓடவிட்டால், பஸ் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும், எந்த வாசலில் நெரிசல் வரும் என்பதையெல்லாம் நிஜ பஸ்ஸைத் தொடாமலேயே தெரிந்துகொள்ளலாம்.

இதற்கென்று வெளிநாட்டில் செய்த மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதைத்தான் நானும் எடுத்தேன். அதில் புள்ளிகள் வரிசையில் நின்றன. ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. கண்ணில் பட்ட முதல் காலி சீட்டில் உட்கார்ந்தன. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த ஊரில் இப்படி ஏறுகிறான்? நான் சீவலப்பேரிக்காரி. பள்ளிக்கூட நாளிலிருந்து ஜங்ஷனில் டவுன் பஸ் ஏறுகிறவள். வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, கர்ச்சீப், கைப்பை, டிபன் தூக்கு எல்லாம் உள்ளே போய்விடும். சில சமயம் பிள்ளையையே தூக்கி உள்ளே விடுவார்கள். முதல் ஆள் படியில் கால் வைக்கும்போது பாதி சீட் முடிந்திருக்கும்.

அதனால் துண்டையும் விதியாக எழுதினேன். புள்ளி வாசலுக்கு வரும் முன்பே ஜன்னல் வழியாக ஒரு சீட்டைப் பிடிக்கலாம் என்று.

என் கைடு பாளையங்கோட்டைக்காரர். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஏம்மா, துண்டு போடுறத எல்லாம் தீசிஸ்ல எழுதுவாங்களா? வெளியூர்க்காரங்க படிச்சா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?”

“நீங்க பஸ்ஸுல துண்டு போட்டதே இல்லையா சார்?”

“போட்டிருக்கேன். அத எழுதி வச்சேனா?”

மாதக்கணக்கில் சண்டை. கடைசியில் அவர் பெயரை மட்டும் மாற்றினார். ‘தொலைவிலிருந்து இருக்கை கோரல்’. பெயர் எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும், துண்டை எடுக்க நான் விடவில்லை.

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். அந்த வருடம் தீபாவளிக்குள் பட்டம் வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

வைவாவுக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். அவரைக் கவனிப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. ரயிலடிக்குக் கார், நல்ல அறை, கோயில் தரிசனம், திரும்பும்போது கையில் அல்வா. “அல்வாவுக்கா மார்க் போட வாராங்க?” என்று கைடிடம் கேட்டேன். அவர் தன் செலவிலேயே காருக்குச் சொல்லி வைத்தார்.

வந்தவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஓர் அம்மா. தமிழர்தான். ஆனால் சின்ன வயதிலேயே வடக்கே போய்விட்டவர், நிறுத்தி நிறுத்தி ஒரு தமிழ் பேசினார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்து துண்டு அத்தியாயத்தில் நின்றார்.

“வண்டி கிளம்பியும் ஆள் வரவில்லை என்றால், அப்புறம் துண்டு செல்லாது என்று விதி எழுதியிருக்கிறீர்கள்.”

“ஆமா மேடம்.”

“எப்படித் தெரியும்?”

“ஆளு வரல. துணி மட்டும் கெடக்கு. எவன் மேடம் விட்டு வைப்பான்?”

“அது உங்கள் கோபம். தரவு எங்கே?”

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. என்னிடம் தரவு இல்லை. நான் பார்த்துப் பதிந்த ஒவ்வொரு துண்டுக்கும் அதன் ஆள் வந்து சேர்ந்திருந்தான். வராமல் போன துண்டை நான் பார்த்ததே இல்லை. அந்த ஒரு விதியை மட்டும் என் மனசிலிருந்து எழுதியிருந்தேன்.

“இந்த விதி விழுந்தால் இந்த அத்தியாயத்தின் முடிவும் விழும். ஆறு மாதம் எடுத்துக்கொண்டு திரும்பச் செய்யலாமே” என்றார். தன்மையாகத்தான் சொன்னார். ஆறு மாதம் என்றால் என் வேலை போச்சு.

துறைத் தலைவர் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். ஊதா நிறத்தில் தங்கக் கரை போட்டது. சாப்பாடு ஆனதும் கைடு காரைப் பற்றிப் பேச்செடுத்தார். அந்த அம்மா தலையை அசைத்தார்.

“கார் வேண்டாம். அறிக்கையில் கையெழுத்தைச் சாயங்காலம் போடுகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் எழுதியிருக்கிற இந்தச் சீவலப்பேரி பஸ்ஸில் நானே ஒரு தடவை ஏறிப் பார்க்க வேண்டும்.”

ஆக நான், கைடு, அந்த அம்மா, மூன்று பேரும் ஜங்ஷனில் போய் நின்றோம். முகூர்த்த நாள் கூட்டம். எங்கு பார்த்தாலும் பட்டுச்சேலையும் தாம்பூலப் பையும். பஸ் உள்ளே திரும்பியதுமே மொத்தக் கூட்டமும் அதன் பக்கவாட்டில் ஓடியது.

“எதைப் போடுவது?” என்றார் அந்த அம்மா. அவருக்கு ஒரே குஷி.

கைடு கர்ச்சீப்பை எடுத்தார். “அது காத்துல பறந்துரும் சார்” என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா பையிலிருந்து பொன்னாடையை உருவினார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் வீசிவிட்டார். அது ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டு பாதி வெளியே தொங்கியது. உள்ளேயிருந்து ஒரு கை அதைப் பிடித்து இழுத்து சீட்டில் விரித்துப் போட்டது. யார் கை என்று இன்றுவரை தெரியாது.

பிறகு வாசல். அங்கே நான் அந்த அம்மாவை முன்னால் தள்ள, எங்களை நாலு பேர் பின்னால் தள்ள, படியில் கால் வைக்கப்போன நேரத்தில் கைடு அலறினார்.

“ஏம்மா, செருப்பு. செருப்பு.”

வைவாவுக்காக அவர் வாங்கிய புதுச் செருப்பு. ஒன்று கழன்று வண்டிக்கு அடியில் போய்விட்டது. மனிதர் குனிந்து கையை உள்ளே விட்டார். நான் அந்த அம்மாவை விட்டுவிட்டு ஓடி வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். “ஏ அண்ணாச்சி, வண்டிக்கு அடியில என்னத்தத் தேடுதிய? உயிர் வேண்டாமா? அங்கிட்டு நவுருங்க.”

விசில் அடித்தார். வண்டி போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் தரையில் நின்றோம். கைடின் செருப்பு அப்பளம் மாதிரி தட்டையாகக் கிடந்தது. பொன்னாடை சீவலப்பேரி போய்க்கொண்டிருந்தது.

“நாளைக்கு துறைத் தலைவர் மொகத்துல எப்படி முழிப்பேன்?” என்றார் கைடு. வந்த கோபத்துக்கு நான் அவரை என்ன சொல்லியிருப்பேனோ, அதற்குள் அந்த அம்மா மெதுவாகப் பேசினார்.

“வண்டி கிளம்பிவிட்டது. ஆள் ஏறவில்லை.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். காலையில் என்னிடம் இல்லாத தரவு இப்போது எங்கள் கண் முன்னால் வண்ணார்பேட்டைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

“பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுல கொஞ்ச நேரம் போட்டிருப்பான். வாங்க” என்று ஆட்டோவை நிறுத்தினேன். விஷயத்தைக் கேட்ட ஆட்டோக்காரர், “சால்வைக்கா இவ்வளவு வெரட்டு? நான் தாலிச் செயினுன்னுல்லா நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினார்.

அந்த ஆட்டோவில் என் மனசில் ஓடியதைச் சொல்ல வேண்டும். யாராவது பொன்னாடையைத் தூக்கி ஓரமாக எறிந்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டு போனேன். உட்கார்ந்திருந்தால் என் விதி சரி. என் வேலையும் தப்பும். பக்கத்தில் கைடு கண்ணை மூடி, “ஆண்டவரே, அது அங்கனயே கெடக்கணும்” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒரே ஆட்டோவில் இரண்டு வேண்டுதல். எதைக் கேட்பதென்று ஆண்டவரே திணறியிருப்பார்.

பாளையங்கோட்டையில் வண்டி நின்றிருந்தது. உள்ளே நிற்க இடமில்லை. ஒருவர் தோளில் இன்னொருவர் முகம். குழந்தைகள் அழுதன. ஒரு பெரியவர், தன் கால் விரலை மிதித்தவனின் மொத்தக் குடும்பத்தையும் விசாரித்துக்கொண்டிருந்தார். நான் வெளியிலிருந்து ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

இருந்தது. அத்தனை நெரிசலுக்கு நடுவில் ஒரே ஒரு சீட் காலி. அதில் ஊதாப் பொன்னாடை, தங்கக் கரை வெளியே தெரிய, ஒழுங்காக மடித்து வைத்திருந்தது.

பக்கத்து சீட்டில் ஒரு தடித்த அம்மா, மடியில் வாழைக்காய்ப் பை. என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

“சால்வைக்காரி நீதானா? எங்கம்மா போன? எத்தன பேர வெரட்டி வுட்டுருக்கேன் தெரியுமா?”

“நாங்க கேக்கவே இல்லியே” என்றார் கம்பியைப் பிடித்து நின்ற ஒருவர். “பொன்னாடை கெடக்கு, எம்.எல்.ஏ. யாரும் ஏறுவாருன்னு இருந்தோம். நீங்களா?”

எப்படியோ இடித்துப் பிடித்து தேர்வாளர் அம்மாவை உள்ளே ஏற்றினோம். பின்னால் ஒற்றைச் செருப்போடு கைடு. “சாருக்கு என்ன, வேண்டுதல் நேர்ச்சையா?” என்று யாரோ கேட்டார்கள். பஸ்ஸே சிரித்தது. கைடும் சிரித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த அம்மா உடனே உட்காரவில்லை. வாழைக்காய்க்காரம்மாவிடம் குனிந்து கேட்டார். “வண்டி கிளம்பிவிட்டதே. ஆள் வரவில்லையே. ஏன் யாரும் உட்காரவில்லை?”

வாழைக்காய்க்காரம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. “துணி கெடக்குல்லா?” என்றார்.

“ஆள் வரவே மாட்டார் என்று தோன்றவில்லையா?”

“துணியப் போட்டுட்டு எங்க போயிருவாங்க? அடுத்த ஸ்டாப்புல ஏறுவாங்கன்னு இருந்தோம். நீங்க ஏறிட்டியள்லா? இரிங்க, பைய இரிங்க.”

அவ்வளவுதான் விளக்கம். கால் மிதிபட்ட பெரியவர் இன்னும் திட்டிக்கொண்டேதான் இருந்தார். நிற்கிற இடத்துக்காக முழங்கையால் குத்திக்கொள்கிற அதே ஆட்கள்தான் ஜங்ஷனிலிருந்து அங்கே வரை ஒரு துணிக்கு இடம் விட்டு வந்திருக்கிறார்கள். யார் துணி என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

வண்டி நகர்ந்ததும் அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “உங்கள் விதி தப்பு.”

“தெரியுது மேடம்.”

“துண்டு சரி. ஆனால் விதியைத் துண்டு போட்டவருடைய புள்ளியில் எழுதிவிட்டீர்கள். அவரா அந்த சீட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்? அவர் தெருவில் செருப்பு தேடிக்கொண்டிருக்கிறார். மற்ற புள்ளிகளில் அல்லவா எழுத வேண்டும்?”

நான் கம்பியில் சாய்ந்துகொண்டு உள்ளங்கையில் அதைக் குறித்துக்கொண்டேன்.

“ஒரு பொன்னாடை தரவு ஆகாது. இன்னும் சில நாள் போட்டுப் பாருங்கள். திருத்தி அனுப்பினால் போதும். இன்னொரு வைவா வேண்டாம்.” சொல்லிவிட்டுப் பையிலிருந்து அறிக்கையை எடுத்து மடியில் வைத்து, குலுங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தது. பிறகு அலுவலகத்தில் அதற்கும் ஒரு சண்டை போட வேண்டியிருந்தது, அது வேறு கதை.

அடுத்து வந்த வாரங்களில் நானும் சக ஆசிரியை ஒருத்தியும் ஜங்ஷனில் துண்டு போட்டோம், ஏறாமல் ஸ்கூட்டரில் பஸ்ஸின் பின்னாலேயே போனோம். பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள். எல்லாத் துண்டும் கடைசி வரை தாங்கவில்லை. நாலைந்து ஸ்டாப் தாண்டியும் ஆள் வராவிட்டால் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் துண்டைத் தூக்கி எறிந்தவர்களை நான் பார்க்கவில்லை. மடித்துக் கம்பியில் போட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் கண்டக்டரிடம் கொடுத்திருப்பார்கள். ஒரே ஒரு கர்ச்சீப் தொலைந்தது. அதைக் கொண்டுபோனது காற்று.

விதியை மாற்றி எழுதி ஓடவிட்டபோதுதான் என் திரையில் இருந்த பஸ் முதல் தடவையாக எங்கள் ஊர் பஸ் மாதிரி நிரம்பியது. பட்டமும் வந்தது. நிர்வாகம் அதே சிரித்த முகத்தோடு கை கொடுத்தது.

என் கோபம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இப்போதும் பஸ்ஸில் காலை மிதித்தால் கத்துவேன். ஆனால் முன்னெல்லாம் துண்டைப் போட்டுவிட்டு, எவனாவது எடுத்துவிடுவான் என்று வாசலுக்கு ஓடுவேன். இப்போது போட்டுவிட்டு மெதுவாக நடந்துபோய் ஏறுகிறேன், உள்ளே முகம் தெரியாத யாரோ எனக்காக அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும்.