பனிவண்டிக்குப் புது ஸ்கீ

ஆக்லாந்தில் பனி பெய்யாது. குளிர்காலம் என்றால் மழையும் காற்றும்தான். ஆனாலும் போன கோடை முழுவதும் மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் கராஜில் பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டி ஒன்று நின்றது. கார் வெளியே வெயிலில் கிடந்தது. எல்லாம் என் மனைவியால் வந்தது.

அவள் யாழ்ப்பாணத்துக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் மதுரைக்காரன், எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை. ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கும் ஒருத்தி ஒருமுறை இவளைத் தெற்கே மலைக்குப் பனியில் சறுக்கக் கூட்டிப்போனாள். உடம்பெல்லாம் கன்றிப்போய்த் திரும்பி வந்தவள், அடுத்த வாரமும் கிளம்பிவிட்டாள். இப்போது அங்குள்ள ஒரு சின்னக் கிளப்பின் மீட்புக் குழுவில் தொண்டு செய்கிறாள். சறுக்கும்போது அடிபட்டவர்களை நீளமான ஒரு பலகைப் படுக்கையில் கட்டி, ஸ்னோமொபைலின் பின்னால் மாட்டி, மெதுவாகக் கீழே கொண்டுவர வேண்டும். வண்டியை ஓட்டுவது பெரும்பாலும் இவள்தான்.

போன குளிர்காலத்தின் கடைசியில் கால் முறிந்த ஒரு பெண்ணை இப்படிக் கொண்டுவரும்போது, மத்தியான வெயிலில் பனி இளகிப்போயிருந்தது. வண்டிக்கு முன்னால் சக்கரத்துக்குப் பதிலாக இருந்த சறுக்குப் பலகைகள் ஒடுக்கமான பழைய இரும்பு ஸ்கீக்கள். அவை பனியைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டன. ஹாண்டிலைத் திருப்பினாலும் வண்டி திரும்பவில்லை. கடைசியில் படுக்கையைக் கழற்றி, இவளும் இன்னும் இரண்டு பேரும் கயிறு கட்டிக் கையால் இறக்கியிருக்கிறார்கள். அந்தப் பெண் வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாளாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி முடித்தவள், "அந்த ஸ்கீயை மாத்தாட்டி நான் இனி அதில ஆளை ஏத்த மாட்டன்" என்றாள்.

கிளப் கூட்டத்திலும் அதையேதான் சொன்னாள். வேறொரு கம்பெனி செய்த அகலமான பிளாஸ்டிக் ஸ்கீக்களைக் கனடாவிலிருந்து வரவழைக்க எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். யார் மாட்டுவது என்ற பேச்சு வந்ததும் இவள் கையைத் தூக்கிவிட்டாள். "எங்கட கராஜில செய்யலாம் எண்டு சொல்லிப்போட்டன்" என்று பிறகு என்னிடம் தெரிவித்தாள். எனக்கு சைக்கிள் செயின் மாட்டத் தெரியும். அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினோம். பக்கத்து வீட்டு டோங்கா நாட்டுக்காரர் வந்து வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, அடியில் மரக்கட்டைகளைத் தள்ளினேன். பழைய போல்ட்டுகள் துருப்பிடித்து அசையவே இல்லை. எண்ணெய் அடித்து ஊறவிட்டு, மூன்று பேரும் சோறும் சொதியும் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றன.

புது ஸ்கீ வண்டியில் நேராகப் போய் உட்காரவில்லை. அதன் நடுவிலிருந்த பள்ளம், ஸ்கீயைத் தாங்கும் வண்டியின் காலைவிட அகலம். போல்ட்டைப் போட்டால் ஸ்கீ இடமும் வலமும் ஆடியது. கூட வந்த வளையங்கள் போதாமல், ஒடாஹுஹுவில் ஒரு கடையில் தடித்த வாஷர்கள் தேடி வாங்கி வந்தேன். நடுவில் ஸ்கீயோடு வந்த ரப்பர் கட்டையை வைத்து, இரண்டு பக்கமும் வாஷர்களைக் கொடுத்து முறுக்கியதும் ஆட்டம் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சரிபார்க்க வண்டியின் முன்பக்கத்தை மறுபடி தூக்கினோம். இரண்டு ஸ்கீக்களும் நுனியைத் தரையை நோக்கித் தொங்கவிட்டன. ரொட்டித் துண்டு தேடும் வாத்து மாதிரி இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. குனிந்து, ஸ்கீக்கும் வண்டியின் காலுக்கும் நடுவில் நாங்கள் வைத்த ரப்பர் கட்டையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இஞ்சை பாருங்கோ. இதின்ர தடிச்ச பக்கம் முன்னுக்கு நிக்குது."

"அதனால என்ன?"

"அது பின்னுக்கு நிண்டு ஸ்கீயின்ர வாலை அமத்தோணும். அப்பதான் நுனி நிமிரும். இப்பிடியே மலைக்குப் போயிருந்தா முதல் மேட்டிலயே குத்தி நிண்டிருக்கும்."

"ஆமா, அதை வச்சது நான்தான்" என்றேன்.

"ஓம். ஸ்பேனரை எடுங்கோ, கழட்டுவம்."

எல்லாவற்றையும் கழற்றி, ரப்பரைத் திருப்பிப்போட்டு மாட்டினோம். இந்தத் தடவை நுனிகள் நிமிர்ந்து நின்றன. ஹாண்டிலை நேராக வைத்து, ஒரு நீளப் பலகையை ஒட்டிப் பிடித்து, இரண்டு ஸ்கீக்களும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்று அவள் டேப்பால் அளந்தாள். கொஞ்சம் விலகியிருந்ததை நட்டைத் திருகி நேராக்கினாள். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து ஹாண்டிலை இப்படியும் அப்படியும் திருப்பினாள். சிமெண்ட் தரையில் போகாத வண்டியின் மேல் அவள் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது பார்க்க நன்றாக இருந்தது.

அடுத்த குளிர்காலம், ஆகஸ்டில் நானும் முதல் தடவையாக மலைக்குப் போனேன். அவள் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இளகிய பனியில் வேண்டுமென்றே வளைத்து வளைத்து ஓட்டினாள். வண்டி பனிக்கு மேலேயே மிதந்து, சொன்ன பக்கமெல்லாம் திரும்பியது. அதற்குள் ரேடியோவில் அழைப்பு. மேலே ஒரு பெரியவருக்கு முழங்கால் பிசகிவிட்டது. என்னைக் கிளப் குடிசை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சரிவில் வண்டி தெரிந்தது. படுக்கையில் கிடந்த மனிதரை அலுங்காமல் இறக்கிக்கொண்டு நேராக வந்தாள். எனக்குப் பக்கத்தில் நின்ற கிளப்காரர் ஒருவர், அவள் ஓட்டினால் பயமில்லை என்றார். அவள் என் மனைவி என்று நான் சொன்னேன்.

திரும்பும்போது நான் காரை ஓட்டினேன். அவள் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்து, அந்தப் பெரியவர் வழியெல்லாம் தம் ஆட்டுப் பண்ணையைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். வழியில் ஒரு சின்ன ஊரில் நிறுத்திச் சூடாகச் சிப்ஸ் வாங்கி, காருக்குள்ளேயே வைத்துச் சாப்பிட்டோம்.