இன்ஜெக்டருக்கு ஒரு பாட்டில்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றாலே என் கார் நடுங்கும். புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் என் மச்சான், "எஞ்சினுக்குப் பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர்ல அழுக்கு லா. க்ளீனர் ஒரு பாட்டில் ஊத்துங்க, சரியாயிடும்" என்றார். பெட்ரோல் போடும்போதெல்லாம் டேங்கில் ஒரு பாட்டில் ஊற்றினேன். நடுக்கம் நிற்கவில்லை. "பிராண்ட மாத்திப் பாருங்க" என்றார். அதையும் மாற்றித் தொலைத்தேன். ஆறு மாதம் கழித்துத்தான் மெக்கானிக்கிடம் போகப் புத்தி வந்தது. அவர் கழற்றிப் பார்த்துவிட்டு, "இன்ஜெக்டர் புதுசு மாதிரி இருக்குண்ணே. ஸ்பார்க் பிளக்தான் போயிடுச்சு. மாத்தவா?" என்றார்.

இனி எதற்கு? இங்கே கார் வைத்துக்கொள்ளத் தரும் பத்தாண்டு உரிமம் அடுத்த வாரம் முடிகிறது, பெரும் பணம் கட்டிப் புதுப்பிக்க எனக்கு வக்கில்லை. சிங்கப்பூரிலேயே சுத்தமான இன்ஜெக்டரோடு என் கார் பழைய இரும்புக்குப் போகிறது.