சித்திரையில் வைத்த ஐஸ்

மேடத்தை நினைத்தால் முதலில் அந்தச் சத்தம்தான் காதில் விழுகிறது. நண்டின் வயிற்றுக்கு மேலே கடுகளவில் ஒரு நரம்பு முடிச்சு இருக்கிறது. அதில் முப்பது செல்கள் இருந்தால் அதிகம். ஒன்றுக்குள் முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியை இறக்கி, கம்பியை ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டால் அது பேசும்போதெல்லாம் டிக், டிக் என்று கேட்கும். சற்றுப் பொறுத்து அடுத்த செல் பதில் சொல்லும். அந்த இடைவெளியைத்தான் மேடம் முப்பது வருடமாக அளந்துகொண்டிருந்தார். கண் இமைக்கும் நேரத்தை நூறாகப் பிரித்தாலும் அவருக்கு அது பெரிய நேரம். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் கொட்டாவி வரும்.

நான் அச்சரப்பாக்கத்துக்காரி. விலங்கியல் படித்துவிட்டு, செங்கல்பட்டு ஓரத்தில் இருந்த அந்த ஆய்வு நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. மேடம் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் உண்டு. அவர் வெளிநாட்டில் நன்றாக இருந்தவர். அங்கே எல்லோரும் குளிர்கடல் நண்டையே பார்க்கிறார்கள், "நம்ம கடல் நண்டு இந்த வெயில்ல எப்படிப் பேசுதுன்னு ஒருத்தரும் கேக்கலையே" என்று திரும்பி வந்துவிட்டாராம். வந்த பிறகு இங்கேயும் ஒருவரும் கேட்கவில்லை. விண்ணப்பங்கள் திரும்பி வந்தன, மாணவர்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறினார்கள். கடைசியில் அந்த அறையில் அவரும் நானும் நண்டுகளும் மிஞ்சினோம். அவர் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அந்த வேலையை நான் பார்த்துக்கொண்டேன்.

நண்டு வாங்கி வருவது என் பொறுப்பு. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அக்கா மீன் விற்பார். மேடத்துக்கும் வெகுநாள் பழக்கம். விடியற்காலையில் அவரிடம் உயிர் நண்டு வாங்கி, கடல் தண்ணீரில் நனைத்த சாக்கில் மூடி, வாளியோடு பஸ் ஏற வேண்டும். ஐஸ் மட்டும் கூடவே கூடாது என்பது மேடத்தின் கண்டிப்பான விதி. குளிர் ஏறிய நண்டு பிழைத்தாலும் அதன் நரம்பு பழையபடி பேசாது என்பார்.

அந்த வருடம் ஐப்பசியில் பதிவு எடுக்கத் தொடங்கினோம். பங்குனி வரை ஒரு தொல்லையும் இல்லை. சித்திரை பிறந்ததும் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் பாதி நண்டு செத்தது. கண்டக்டரின் வசவை வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, செத்த நண்டோடு போய் நிற்க எனக்குத் தெம்பில்லை. அக்காவிடம் ஐஸ் கேட்டு, பாலிதீன் பையில் கட்டி, சாக்குக்கு அடியில் வைத்தேன். செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் இறங்கியதும் பையைக் குப்பையில் போட்டுவிடுவேன். ஒரு நண்டும் சாகவில்லை. ஆவணி வரை இப்படியே ஓட்டினேன்.

பதிவுகளைப் பார்த்து மேடம் பூரித்துப்போனார். வெயில் காலத்தில் நம் நண்டின் செல்கள் செய்தியைத் தாமதமாகக் கடத்துகின்றன, சூட்டைச் சமாளிக்க அது கண்டுபிடித்த வழி இது என்று கட்டுரை எழுதினார். இரண்டாவது பெயராக என் பெயரையும் சேர்த்தார். மாசியில், கட்டுரையை அனுப்பியிருந்த ஆய்விதழிலிருந்து ஒரு கேள்வி வந்தது: நண்டுகள் எப்படிக் கொண்டுவரப்பட்டன? "இந்தப் பத்தி உங்களோடது, நீங்களே எழுதிடுங்க" என்றார் மேடம்.

இரண்டு நாள் எழுத உட்கார்ந்து எழுந்தேன். மூன்றாம் நாள் ஐஸ் விஷயத்தைச் சொன்னேன். ஆனால் அந்த அக்கா தானாக வைத்துவிட்டதாகச் சொன்னேன். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது.

மேடம், "எப்பலேர்ந்து வெச்சாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"கேட்டுப் பார்த்துட்டேன் மேடம். அவங்களுக்கு ஞாபகம் இல்லையாம்."

"சரி. நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்சிருப்பாங்க. நீங்க அவங்களை ஒண்ணும் கேக்காதீங்க."

அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற்றார். எந்த நண்டு ஐஸில் வந்தது என்று தெரியாததால் பதினொரு மாதப் பதிவும் வீண். புதிதாக எடுக்கக் கணினியில் இடம் வேண்டும், பழையதை அழித்துவிடுங்கள் என்றார். நான்தான் உட்கார்ந்து அழித்தேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று கோப்புகளின் பெயர்களைப் படித்துக்கொண்டே அழித்தேன். அவை நல்ல பதிவுகள் என்று உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனாலும் அழித்து முடித்தேன்.

அவர் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அந்த வெயில் காலம் முழுக்க ஐஸ் இல்லாமல், நடுவழியில் இறங்கி இறங்கிச் சாக்கை நனைத்து, நண்டு கொண்டுவந்தேன். அருமையான பதிவுகள் கிடைத்தன. ஒப்பிடுவதற்குப் பனிக்காலப் பதிவு வேண்டும். பனி வருவதற்குள், ஐப்பசிக் கடைசியில், அவருக்கு மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். அறை வேறொருவருக்குப் போனது. நான் மட்டும் இன்றுவரை அங்கேயே இருக்கிறேன். அவர் போட்ட கையெழுத்தில் நின்ற வேலை.

கார்த்திகையில் ஒருநாள் மேடம் போன் செய்து, அந்த மீன்கார அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேனே என்றார். ஊரப்பாக்கத்தில் மேடம் வீட்டுக்குப் போய், அவரை என் ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். போகாமல் தட்டிக்கழிக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "இன்னா மேடம், ரிட்டேர் ஆயிட்டீங்களாமே! இந்தப் பொண்ணு என்னைப் படுத்துன பாடு கீதே... அந்தச் சித்திரைல ஐஸு குடு அக்கான்னு ஒரே பேஜாரு. வாணாம்மா, மேடம் திட்டுவாங்கன்னு சொன்னேன். கேக்கலியே."

மேடம் என்னைப் பார்க்கவில்லை. "அதுக்கு முன்னாடி வெக்கலையா?"

"பனில எதுக்கு மேடம் ஐஸு?" என்று அக்கா சிரித்தார்.

திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி நின்று மாதங்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்போ பனிக்காலத்துப் பதிவெல்லாம் நல்லா இருந்துச்சு."

"ஆமாம் மேடம்."

"அழிக்கும்போது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மேடம்."

தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். போகும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவர், ஊரப்பாக்கம் வரை பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.