காமாட்சியிடம் அருவி கேட்டேன்

டாக்டர் என் வலது பாதத்தில் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எலும்பு கூடிவிட்டது, நரம்புதான் நசுங்கியிருக்கிறது, உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். நானும் என் கணவரும் பஸ் ஏறி ஊர் திரும்பினோம்.

நான் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவள். அது பிழைப்பு. என் உயிர் மலை ஆறுகளில் இருந்தது. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கணவர் சேகர் தறியை நிறுத்திவிட்டு என்னோடு வருவார். ஜவ்வாது மலை, கொல்லிமலை என்று போவோம். கரையில் நின்று எடுத்தால் அருவி வெறும் வெள்ளைக் கோடு. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ட்ரைபாடை ஊன்றி, கேமராவை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தினால்தான் ஆறு நம்மைப் பார்த்து வரும். கண் கேமராவில் இருக்கும். அடியில் கிடப்பது பாசியா, மணலா, ஆடுகிற கல்லா என்று பாதம்தான் சொல்லும்.

அப்படி நின்றபோதுதான் ஒரு பாறை புரண்டு கணுக்காலை நசுக்கியது. சேகர் குதித்து, தண்ணீருக்குள் மூழ்கிக் கல்லை நகர்த்தி, என்னைத் தூக்கி வந்தார். உயிர் பிழைத்ததே அம்மன் செயல்.

அதன் பிறகு பிள்ளையார்பாளையத்து வீட்டிலேயே கிடந்தேன். குளிக்கும்போது இரண்டு காலிலும் தண்ணீர் ஊற்றுவேன். இடது கால் சிலிர்க்கும். வலது காலில் ஊற்றுவது வேறு யார் மேலோ ஊற்றுவது போல இருக்கும். மழை பெய்தால் மலையில் இப்போது எந்த ஓடை நிறைந்திருக்கும் என்று மனம் ஓடும். பழைய படங்களைத் திறந்தால் மூட முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன்.

மெல்ல நடக்க ஆரம்பித்ததும் வெள்ளிக்கிழமைகளில் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனேன். கூட வந்த நாத்தனார் நான் என்ன வேண்டிக்கொள்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"நடக்கறீங்களே அண்ணி, அது போதாதா? அம்மன் கிட்ட போயி யாராச்சும் அருவி கேப்பாங்களா?"

கூசிப் போனேன். அடுத்தடுத்த வாரங்களில் குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்று மட்டும் வேண்டினேன். வாய் சொன்னது, மனம் ஒட்டவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தீபாராதனை வெளிச்சத்தில் அம்மன் முகத்தைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. அம்மா, என்னைத் தண்ணீரில் நிற்க வை. எனக்கு அதுதான் வேண்டும். உன்னிடம் பொய்யாக வேறு எதையும் கேட்க என்னால் முடியாது. அவ்வளவுதான் சொன்னேன்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நான் சேகரிடம் எதுவும் கேட்கவில்லை. வெள்ளம் வடிந்ததும் அவராகவே வண்டியை எடுத்தார். வாலாஜாபாத் பக்கம் கரையில் நிறுத்தினார். மணலுக்கு மேல் கணுக்காலளவு தண்ணீர் தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"உனக்கு தண்ணி ஆசையே போவணும்னு நான் அம்மன் கிட்ட வேண்டிக்கினு இருந்தேன் மலரு. உன்ன தூக்கினு வந்தது இன்னும் கண்ணுலயே நிக்குது. ஆனா நீ இப்படி ஏங்கறத பாக்க முடியல. வா, நான் புடிச்சிக்கறேன்."

அவர் தோளைப் பற்றி இறங்கினேன். முதலில் ஒன்றுமில்லை. நின்றுகொண்டே இருந்தேன். பிறகு கட்டை விரலோரம் ஏதோ ஊர்வது போல இருந்தது. குனிந்து பார்த்தேன், எதுவும் இல்லை. மெல்ல அது பாதம் முழுக்கப் பரவியது.

"ஏங்க, குளுருதுங்க," என்றேன்.

அவர் தண்ணீரிலேயே உட்கார்ந்து என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் கை சூடும் தெரிந்தது.

நரம்பு தானாகவே வளர்ந்திருக்கும் என்றார் டாக்டர். இருக்கட்டும். வளர்த்தது யார் என்று எனக்குத் தெரியும். இன்னும் முழு உணர்வு வரவில்லை. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்குவதில்லை. சேகர் கரையில் நிற்பதில்லை, என் பக்கத்திலேயே நிற்கிறார். போன மாதம் மறுபடியும் ஓர் அருவியின் முன்னால் நின்று எடுத்தேன். படத்தில் லேசான நடுக்கம் இருக்கிறது. அந்தப் படத்தை அழிக்க மனம் வரவில்லை.

நீங்களும் ஏதாவது ஒன்றுக்காக ஏங்கிக்கொண்டிருக்கலாம். இதைப் போய்க் கேட்பதா என்று கூசி நிற்கலாம். அவள் நம்மைப் பெற்றவள். கேளுங்கள்.