டிரபிள்

அப்பா ‘டிரபிள்’ என்ற சொல்லைச் சொல்வதில்லை. அம்மாவுக்கு ‘கேஸ் டிரபிள்’ வரும்; அதையே அப்பா ‘வயிற்றுச் சங்கடம்’ என்பார். குழாய் ரிப்பேர்காரர் “மோட்டார்ல டிரபிள் சார்” என்றால், “என்ன பழுது?” என்று திருப்பிக் கேட்பார். வழியில் கிடக்கும் முள்ளைத் தாண்டுவதுபோல அந்தச் சொல்லை அவர் தாண்டிப் போவதைப் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறேன். தமிழ்ப் பற்று என்றுதான் நினைத்தேன். பற்று இல்லை, வெட்கம் என்று பிறகு தெரிந்தது.

அவர் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரிப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார். ஈரச் சூடும் சோப்பு வாடையும் நிறைந்த அடித்தள அறை. புதிதாக வந்த மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. அப்பாவிடம் நாலைந்து ஆங்கிலச் சொற்கள் இருந்தன. அவற்றில் ராஜா டிரபிள்தான். பாய்லர் நின்றால் “ஸ்டீம் டிரபிள் சார்.” கூடுதல் வேலை வந்தால் “நோ டிரபிள் சார்.” அறைக்குள் அவருக்கு ‘துரை’ என்று பெயர் விழுந்தது. கிண்டல்தான். அப்பாவுக்கு அது பட்டம்.

அவருக்குக் கீழே ஒருவர் இருந்தார். சட்டைக் காலர் கத்தி மாதிரி நிற்கும்படி மடிப்பார் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘மடிப்பு’. மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். அடிக்கடி தாமதம். அந்தச் சமயத்தில்தான் பெரிய இஸ்திரி மெஷின் வந்தது. மெஷின் தெரிந்த புது ஆட்கள் வருவார்கள், பழையவர்களில் பாதிப் பேர் போக வேண்டியிருக்கும் என்று பேச்சு.

“அண்ணே, யாரை வெச்சுக்கலாம்னு மேனேஜர் உங்களைத்தான் கேப்பாரு. என் கஷ்டத்தை ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே.”

“சொல்றேன்டா. இங்கிலீஷ்லயே சொல்றேன்.”

அன்று மாலை கண்ணாடி முன்னால் ஒத்திகை நடந்தது. அம்மா அரிசி களைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஹீ பிக் டிரபிள் சார். ஹோம் டிரபிள். டெய்லி டிரபிள்.”

“எனக்கே புரியுதுன்னா பாத்துக்கோங்க, எவ்வளவு நல்ல இங்கிலீஷ்!”

மறுநாள் மேனேஜர் மடிப்பைப் பற்றிக் கேட்டார். அப்பா அப்படியே சொன்னார், குரலை உருக்கமாக்கி. மேனேஜர் தலையாட்டி, கை கொடுத்து, நன்றி வேறு சொன்னார். வீட்டுக்கு வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. “கை கொடுத்தார்டி!”

அந்த வாரக் கடைசியில் மடிப்பை அனுப்பிவிட்டார்கள்.

ஆபீஸ் கிளார்க்தான் விஷயத்தை உடைத்தார். “என்ன துரை, நீங்களே அவனைப் பத்தி வத்தி வச்சிட்டீங்களாமே? தினம் தினம் வம்பு பண்ற ஆளுன்னு சொன்னீங்களாம்?”

“நானா? கஷ்டப்படறான்னுதானே சொன்னேன்!”

“அட கடவுளே. அவனுக்கு டிரபிள்னா அது கஷ்டம். அவனே டிரபிள்னா அவன் தொல்லை. நீங்க ரெண்டாவதைச் சொல்லியிருக்கீங்க. வாங்க, நான் கூட வர்றேன். இப்பவே மாத்திச் சொல்லிடலாம். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடல.”

அப்பா எழுந்தார். மேனேஜர் அறைக் கதவுவரை போனார். அங்கே நின்று, “சார் பிஸியா இருக்காரு போல. அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். கண்ணாடி வழியே தெரிந்த மேனேஜர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். உள்ளே போனால் துரைக்கு ஆங்கிலம் தெரியாது என்று வெளியாகிவிடும். அந்தப் பட்டத்தை இழக்க மனம் வரவில்லை. இரண்டு நாளில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

இதை அப்பா என்னிடம் சொன்னது நான் பட்டம் வாங்கிய பிறகு. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம்.

“அந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம்?”

“கஷ்டம், தொல்லை, பழுது, வம்பு, சிரமம்...”

“அப்போ, ஒருத்தன் கஷ்டத்துல இருக்கான்னு எப்படிச் சொல்லணும்?”

“ஹீ இஸ் இன் டிரபிள்” என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். தப்புச் செய்து மாட்டிக்கொண்டவனையும் அப்படித்தான் சொல்வார்கள். வேறு வாக்கியம் தேடினேன். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியான வாக்கியம் கிடைத்திருந்தால் மட்டும் அவர் அந்தக் கதவைத் திறந்திருப்பாரா? அவர் இடத்தில் நான் திறந்திருப்பேனா?

போன மாதம் பஸ் நிறுத்தத்தில் மடிப்பைப் பார்த்தோம். இப்போது வீடு வீடாகத் துணி வாங்கித் தேய்த்துக் கொடுக்கிறார். ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, அன்னைக்கு எனக்காக வாயைத் திறந்து பேசினது உங்கப்பா ஒருத்தர்தான்.”

அப்பா, “நான் உனக்கு நல்லது ஒண்ணும் செய்யலப்பா” என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

“பாத்தியா தம்பி? பெரிய மனுசன் பேசற பேச்சு!” என்று சிரித்தார் மடிப்பு.

அப்பாவின் உதடு இன்னொரு முறை அசைந்தது. மேலே சொல்ல வேண்டியது முழுக்கத் தமிழ்தான். ஒரு ஆங்கிலச் சொல்லும் தேவையில்லை. பஸ் வந்தது. எங்களுடையது இல்லை. அப்பா அதில் ஏறிவிட்டார்.