எட்டாம் பாடம்

எதை வாய்விட்டு வாசித்தாலும் அவள் முதலில் பக்க எண்ணைச் சொல்லிவிடுவாள். மருந்து அட்டை, மின்கட்டண ரசீது, பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கை, எதற்கும் விலக்கில்லை. ஒற்றைத் தாளாக இருந்தாலும் "பக்கம் ஒன்று" என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டுத்தான் மேலே போவாள். கதை கேட்கும் வயதில் அவள் மகள், எல்லாக் கதையும் அப்படித்தான் தொடங்கும் என்று நம்பியிருந்தாள். எலெக்ட்ரீஷியனான கணவனுக்கோ இது தீராத வேடிக்கை. "சண்டை போடறப்பவாவது பக்கம் நம்பர் சொல்லு, நாளைக்கு விட்ட இடத்துலேருந்து ஆரம்பிக்கலாம்" என்பான். அவளும் சிரிப்பாள். எங்கிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று மட்டும் அவனிடம் சொன்னதில்லை.

அவள் தையல்காரர் மகள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். மிதித்தாளே தவிர, உள்ளே எங்கே நிற்பது என்று தெரியவில்லை. மற்றவர்கள் பேராசிரியர்களிடம் சிரித்துப் பேசுவதை ஓரமாக நின்று பார்ப்பாள். அப்போதுதான் பலகையில் ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டது: பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்ய ஆட்கள் தேவை, யாரும் வரலாம். அந்த 'யாரும்' என்பதில் தானும் அடக்கம் என்று தோன்றியது. போய்ச் சேர்ந்தாள்.

படிக்கட்டுக்கு அடியில் இருந்த சாமான் அறைதான் பதிவறை. மின்விசிறியின் இரைச்சல் பதிவாகும் என்று அதை நிறுத்திவிடுவார்கள். வியர்வையில் குளித்துக்கொண்டே வாசிக்க வேண்டும். சேர்மனை அங்கேதான் சந்தித்தாள். பொருளாதார வரலாறு படித்தவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வளாகத்தில் எந்த விழா நடந்தாலும் மேடையில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்துவிடுவார்கள். அதனால் அந்தப் பெயர். ஒரே தாளில் திரும்பத் திரும்பத் தேறாமல் தங்கிப்போனதால் அவளைவிட மூத்தவர். அண்ணா என்றே கூப்பிட்டாள்.

அவர் ஏன் தேறவில்லை என்பது சீக்கிரமே புரிந்தது. ஆண்டுதோறும் பதிவு வேலையை நடத்தும் மாணவர் குழுவுக்குப் புதுச் செயலாளர் வருவான். தொடக்க விழா வைப்பான். விழாவில் போட்டுக் காட்ட முதல் பாடத்தைப் பதிவு செய்வார்கள். நாலைந்து பாடம் போவதற்குள் தேர்வு வந்து ஆட்கள் கலைந்துவிடுவார்கள். அடுத்து வருபவன், பழைய குரல் தெளிவில்லை என்று மறுபடி முதலிலிருந்து பிடிப்பான். இப்படி முதல் பாடம் அவரிடம் விதவிதமான குரல்களில் இருந்தது. கடைசிப் பாடங்கள் ஒரு குரலிலும் இல்லை. கேள்விகளோ அங்கிருந்துதான் வந்தன.

"அறிமுகம்னு தனியா ஒரு டிகிரி இருந்தா எனக்குத்தாம்மா கோல்டு மெடல்" என்பார். 'கீழே உள்ள படத்தைப் பார்க்கவும்' என்று அவள் அப்படியே வாசித்துவைத்தால், "பாத்தாச்சு, மேல போ" என்பார். விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க வசதியாகப் பக்க எண்ணைச் சொல்லச் சொன்னதும் அவர்தான்.

அந்த ஆண்டு அவருக்குக் கடைசி வாய்ப்பு. அதற்குப் பிறகு எழுத விதியில் இடமில்லை. மிச்சமிருந்த மூன்று பாடங்களையும் தானே முடித்துத் தருவதாக அவள் சொன்னாள்.

ஆறும் ஏழும் முடிந்தன. ஏழாம் பாடம் மில்கள் மூடப்படுவதோடு நின்றது. எட்டைத் தொடங்கப் போனால் பதிவறை பூட்டிக் கிடந்தது. 'அனைவருக்குமான வளாகம்' என்று குழுவே நடத்தும் ஆண்டு விழாவுக்காக நாற்காலிகளையும் பதாகைகளையும் உள்ளே அடுக்கியிருந்தார்கள். வீட்டில் வைத்தே பதிவு செய்து பார்த்தாள். அப்பா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார், கோபமில்லாமல். வெட்டிப்போட்ட சீருடைத் துணி பக்கத்தில் மலையாகக் கிடந்தது. அவள் புத்தகத்தை மூடினாள்.

தேர்வுக்கு முந்தின நாள் பிற்பகல் நேரிலேயே வாசித்துவிடலாம் என்று பேசிவைத்தார்கள். விழாவும் அன்றைக்கே வந்து விழுந்தது. சிறப்பு விருந்தினர் வரத் தாமதம். சேர்மன் மேடையில் உட்கார்ந்தே இருந்தார். கீழே மடியில் புத்தகத்தோடு அவள். போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிடலாம்தான். அத்தனை பேர் பார்க்க மேடையேறக் கால் வரவில்லை. கடைசியில் செயலாளரே அவளை மேலே அழைத்தான், ஆண்டறிக்கை வாசிக்க. தெளிவான குரலாம். கையில் திணித்த தாளைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் "பக்கம் ஒன்று" என்றாள். அரங்கம் சிரித்தது. சேர்மனும் சிரித்தார். 'பாடநூல் முழுவதும் ஒலிவடிவம் பெற்றுவிட்டது' என்ற வரி வந்தபோது சேர்மன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் வாசித்தாள். கைதட்டியவர்களில் அவரும் இருந்தார்.

அவர் தேறவில்லை. பெட்டியோடு கிளம்பிய காலையில் அவள் பேருந்து நிறுத்தம்வரை கூடப் போனாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"விடும்மா. நீதான் மைக்லயே முழுப் புத்தகத்தையும் முடிச்சிட்டியே" என்றார். பிறகு கேலி இல்லாமல் சொன்னார்: "எட்டாவத என்னிக்காவது படிச்சு அனுப்பு. பரீட்சைக்கு இல்ல. மில்லு மூடினப்புறம் அந்த ஆளுங்க என்ன ஆனாங்கன்னு தெரியணும். எங்கப்பா அதப்பத்தி வாயே திறக்க மாட்டாரு."

"அனுப்பறேண்ணா."

பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு கூரியர் அலுவலகத்தில் சேர்ந்தாள். பிறகு அப்பாவின் நோய், கல்யாணம், குழந்தை. ஒவ்வொன்றும் நியாயமான காரணமாகத்தான் இருந்தது. ஒருமுறை மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தும் பார்த்தாள். குழந்தை வியர்த்து அழுதது. ஒருவழியாக அவர் எண்ணுக்கு அழைத்தபோது யாரோ ஒரு பெண் எடுத்து, அப்படி இங்கே யாரும் இல்லை என்றாள்.

போன வருடம் குழுவின் தொடக்க விழாவுக்குப் பழைய உறுப்பினர் என்று அவளையும் அழைத்திருந்தார்கள். மேடையில் வேறொரு சேர்மன் உட்கார்ந்திருந்தான். ஒலிபெருக்கியில் ஒரு புதுக்குரல் முதல் பாடத்தை வாசித்தது. யாருக்காக வாசித்தோம், அவருக்காகவா, உள்ளே நிற்கத் தனக்கோர் இடம் வேண்டும் என்றா என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது. பாதியில் எழுந்து வந்துவிட்டாள்.

குழுவுக்குத் திருப்பித் தராத அந்தப் பாடநூல் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அடையாளத்துக்கு வைத்த சீருடைத் துணித்துண்டு எட்டாம் பாடத்தின் முதல் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. அவருக்கு வாசிக்காமல் தான் மட்டும் தெரிந்துகொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. மில் மூடிய பிறகு அந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்று அவளுக்கும் தெரியாது.