எதிரி பெயர் மாறிப்போன பிராது

பதினோரு முறை செய்து பார்த்தேன். பதினோரு முறையும் மருந்து தேறவில்லை. போன ஐப்பசியில் என் நிலைமை இதுதான். எங்கள் வீடு விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால். நான் சென்னையில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறேன். ஞாபக மறதி நோயை ஸ்கேனில் முன்கூட்டியே காட்டிக்கொடுக்க, மூளைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்து ஒன்றைத் தயாரிப்பது என் வேலை. கதிரியக்க ஃப்ளூரின் கைக்கு வந்த இரண்டு மணி நேரத்தில் அதன் வீரியம் பாதிக்கு மேல் போய்விடும். அதனால் எல்லாமே ஓட்டம்தான். "அடுத்த மாசமும் வரலன்னா தலைப்ப மாத்திடலாம்மா" என்று கைடு சொல்லிவிட்டார். நான்கு வருட உழைப்பு. சோறு இறங்கவில்லை.

ஃப்ளூரினில் ஈரம் இருந்தால் மருந்து சேராது. அதை உலர்த்தித் தருவது என் ஜூனியர் கவிதா. அவள்தான் கெடுக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். ஊருக்கு வந்து, முருகன் குடியிருக்கும் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினேன். நம் குறையை மனுவாக எழுதி, சாமி பாதத்தில் வைத்து, காவல் தெய்வம் முனியப்பர் எதிரே வேலில் கட்டுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். எதிரி கவிதா என்று எழுதினேன்.

நான்காம் நாள் கவிதா டெங்குவில் படுத்தாள். ரத்தத் தட்டணு குறைந்துகொண்டே போகிறது என்று அவள் அம்மா போனில் அழுதார்கள். பெயரை எழுதிக் கொடுத்தது நான்தானே. எந்த வேலையில் இருந்தாலும் உதடு இதையே முணுமுணுத்தது: "முருகா, என் பட்டம் போனாலும் போவுது, அந்தப் பொண்ண வுட்டுடு."

அடுத்த சோதனையில் இரண்டு பேர் வேலையையும் நானே செய்தேன். ஃப்ரீசரிலிருந்து மூலப்பொருள் குப்பியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, ஃப்ளூரினை உலர்த்தி முடித்த பிறகுதான் குப்பியைத் திறந்தேன். மருந்து வந்துவிட்டது. சந்தோஷப்பட முடியவில்லை. அப்படியானால் குற்றம் அவளுடையதுதான், சாமி அவளைத் தண்டிக்கத் தொடங்கிவிட்டார் என்று நினைத்ததும் பயம் இன்னும் கூடியது.

இரண்டு நாளில் அவளுக்குக் காய்ச்சல் இறங்கியது, தட்டணுவும் ஏறியது. ஆஸ்பத்திரிக்குப் போய், மருந்து தேறிய சோதனையை ஒன்று விடாமல் சொன்னேன். படுத்தபடியே கேட்டாள்.

"குப்பி எவ்ளோ நேரம் வெளிய இருந்துதுக்கா?"

"அரை மணி நேரம் இருக்கும்."

"அதான். நீங்க எப்பவும் எடுத்த கையோட தொறந்துடுவீங்க. சில்லுனு இருக்கறப்ப தொறந்தா காத்துல இருக்கற ஈரம் உள்ள எறங்கிடும். சொன்னா கோச்சிக்குவீங்கன்னு வுட்டுட்டேன்."

அங்கேயே அழுதுவிட்டேன். பிராது கட்டியதையும் சொன்னேன். அவள் முகம் சுருங்கிப்போனது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தை பிறந்ததும் பிராதை வாபஸ் வாங்கக் கிளம்பினேன். நானும் வரேன் என்று அவளே வந்தாள். நான் மனு எழுதுவதை எட்டிப் பார்த்து, "எதிரி கையெழுத்து வேணாமாக்கா?" என்றாள். பேனாவைக் கொடுத்தேன். என் பெயருக்குக் கீழே போட்டாள்.

இப்போது சோதனை கெட்டால் முதலில் என் கையைத்தான் பார்க்கிறேன். ஒரு பெண்ணின் உயிரையும், என் படிப்பையும், என்னையும் சேர்த்துக் காப்பாற்றியவர் கொளஞ்சியப்பர். குறை இருந்தால் தயங்காமல் அவரிடம் எழுதிக் கொடுங்கள். எதிரி பெயரை மட்டும் அவரே எழுதிக்கொள்ளட்டும்.